கட்டணம் கட்டி வாங்கிய நன்றி

உரிமம் புதுப்பிக்கிற வருடம் வந்தால் எனக்கு வாய் நீண்டுவிடும் என்று என் வீட்டுக்காரர் சேவியர் சொல்வார். நீளாமல் என்ன செய்யும்? நான் சொத்து மதிப்பீட்டாளர். ஒரு வீட்டின் மேல் வங்கி கடன் கொடுக்குமுன், அந்த வீடு என்ன விலை பெறும், அதில் மனுஷர் குடியிருக்க முடியுமா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் பிழைப்பு. அந்தக் கையெழுத்து செல்லுபடியாக வேண்டுமென்றால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தொடர்கல்வி முடித்தாக வேண்டும். அதற்கு மதிப்பீட்டாளர் மன்றத்துக்கு ஒரு கட்டணம், பயிற்சி நிலையத்துக்கு ஒரு கட்டணம், இரண்டையும் கட்டியாயிற்று என்று சொல்கிற சான்றிதழுக்குத் தனியாக ஒரு கட்டணம். பெரிய கம்பெனியில் இருப்பவர்களுக்குக் கம்பெனி கட்டிவிடும். என்னைப் போல வீட்டு வாசலில் தனியாகப் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டவர்கள் கழுத்துச் சங்கிலியைத்தான் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"செயினை அடகு வைக்கப் போறியா பெனிட்டா?" என்று சேவியர் கேட்டார்.

"பின்னே உங்க தலையையா வைக்க முடியும்? கடைக்காரன் எடுத்துக்க மாட்டான்" என்றேன்.

முன்பெல்லாம் தொடர்கல்வி சுகமாக இருந்தது. ஏதாவது ஒரு ஓட்டலில் ஏசி ஹால். ஒருவர் திரையில் இருப்பதையே பார்த்து வாசிப்பார். நாங்கள் பின்வரிசையில் உட்கார்ந்து சமோசா எப்போது வரும் என்று கதவைப் பார்ப்போம். பிறகு அளவு, விலை, பத்திரம், வில்லங்கம் எல்லாவற்றையும் இயந்திரம் பார்க்க ஆரம்பித்துவிட்டது. பறக்கும் கேமரா ஒன்று வீட்டைச் சுற்றிவிட்டு, நான் செருப்பைக் கழற்றுவதற்குள் விலையைச் சொல்லிவிடும். எங்களுக்கு மிச்சம் வைத்தது ஒரே ஒரு கேள்விதான். இங்கே வாழ முடியுமா, முடியாதா?

அதற்கும் நாங்கள் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. பெருவெள்ளம் வந்தபோது மூழ்கிய நகர்களுக்கெல்லாம் 'வாழலாம்' என்று கையெழுத்துப் போட்டிருந்தது எங்கள் ஆட்கள்தான். விசாரணையில் நீதிபதி யாரையும் திட்டவில்லையாம். "உங்களில் யாராவது வீட்டுக்குள்ளே கழுத்தளவு தண்ணீரில் நின்றதுண்டா?" என்று மட்டும் கேட்டாராம். ஒரு கைகூட உயரவில்லை. அப்புறம் விதி மாறியது. ஓட்டல், சமோசா எல்லாம் போயிற்று. இனி ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும், மோசமான ஒரு வீட்டில் வாழ்ந்தவரின் ஞாபகம் ஒன்றை மதிப்பீட்டாளர் தன் தலையில் வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குப் பெயர் பாடம்.

நான் கெட்டிக்காரத்தனமாக மலிவான பாடங்களாக எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருமுறை ஒழுகும் கூரை, ஒருமுறை பக்கத்துக் கல்யாண மண்டபத்தின் சத்தம். ஆனால் வெள்ளப் பாடம் எடுக்காதவர்கள் தாழ்வான பகுதிக்குக் கையெழுத்துப் போட முடியாது. எங்கள் தென்சென்னைப் பக்கத்தில் தாழ்வில்லாத பகுதி எது, சொல்லுங்கள் பார்ப்போம். வேலை வருவது நின்றுபோனது. சங்கிலி கடைக்குப் போனது.

பயிற்சி நிலையத்தில் இருந்தவள் அமுதினி என்று ஒரு டாக்டர். சின்ன வயது, சிரித்த முகம். நான் படுக்கையில் படுக்குமுன்பே சண்டையை ஆரம்பித்தேன்.

"ஏன் டாக்டர், ஒரு ஞாபகத்தைக் காப்பி எடுத்து எல்லாருக்கும் குடுத்துட்டா என்ன? எதுக்கு இப்படிக் கொள்ளை அடிக்கறீங்க?"

"இது வீடியோ இல்ல மேடம். நாத்து நடுற மாதிரி. ஒரு இடத்துல பிடுங்கினாத்தான் இன்னொரு இடத்துல நட முடியும். பிடுங்கினதை வருஷக்கணக்கா பத்திரமா வச்சிருப்போம்."

"அப்ப குடுத்தவங்களுக்கு?"

"அந்த நாள் மட்டும் இருக்காது. வெள்ளம் வந்துச்சுன்னு தெரியும், பேப்பர்ல படிச்ச மாதிரி. உடம்புக்குத் தெரியாது. யாரையும் நாங்க கட்டாயப்படுத்தறது இல்ல. மழைச் சத்தம் கேட்டாலே மூச்சு முட்டுறவங்கதான் வந்து குடுக்கறாங்க. பணமும் கிடைக்குது, தூக்கமும் கிடைக்குது."

"நல்ல கதையா இருக்கே. எனக்கு என்ன கிடைக்குது?"

"உரிமம் கிடைக்குதே!" என்று சிரித்தாள்.

விதிகளைச் சொன்னாள். பாடத்தில் வரும் முகங்களையும் பெயர்களையும் முன்கூட்டியே அழித்துவிடுவார்கள். என் எல்லைக்குள் நடந்த ஞாபகமாகத்தான் தருவார்கள், அப்போதுதான் வேலைக்குப் பயன்படும். பாடத்தில் இருப்பதை நான் யாரிடமும் சொல்லக்கூடாது, கட்டிய புருஷனிடம்கூட. சொன்னால் உரிமம் ரத்து.

பாடம் என்றால் கண்ணுக்குள் படம் ஓடும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. எழுந்து உட்கார்ந்தபோது அது எனக்கு ஏற்கனவே நடந்து முடிந்திருந்தது. நேற்று மார்க்கெட்டுக்குப் போனதைப் போல அது என் ஞாபகமாக இருந்தது.

விடிந்து கொஞ்ச நேரம் இருக்கும். தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. குளியலறைத் துவாரத்திலிருந்து கொப்பளித்துக்கொண்டு வந்தது, அந்த நாற்றத்தோடு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழங்கால், இடுப்பு, மார்பு. பீரோ மிதந்துபோய் வாசல் கதவை அடைத்துக்கொண்டது. என் தோளில் பிள்ளை. ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன், குரல் வரவில்லை. அப்போது பின்பக்கக் கதவு உடைந்தது. இடுப்பில் கயிறு கட்டிய ஒரு ஆள் உள்ளே வந்தான். முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் வெளிச்சம். "புள்ளைய குடு" என்றான். பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போனான். பிள்ளை தப்பிவிட்டான், நான் மட்டும் நிற்கிறேன். எனக்கு அதுவே போதும் என்று இருந்தது. அவன் திரும்பி வருவான் என்று நான் நினைக்கவேயில்லை. ஆனால் வந்தான். என் கால் நகரவில்லை. "ஏய், கால எடு! திட்டறன்னு நெனச்சிக்காத, கால எடு!" என்று கத்தினான். என் மணிக்கட்டைப் பிடித்தான். அந்தப் பிடியில் கட்டைவிரலும் இரண்டு விரலும்தான் இருந்தன.

பின்பக்க இரும்பு ஏணி வழியாக மொட்டை மாடி. அங்கே அவன் தன் சட்டையைக் கழற்றிப் பிழிந்தான், பிள்ளையின் தலையைத் துவட்டினான், மறுபடி பிழிந்தான், மறுபடி துவட்டினான். அவன் உடம்பு வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. நான் சொன்னேன்: "அண்ணே, இந்த வீட்ல உங்களுக்கு எப்பவும் இடம் உண்டு. நான் உயிரோட இருக்கிற வரைக்கும் உங்களை யாரும் போகச் சொல்ல முடியாது." அவன், "செரி செரி, மொதல்ல புள்ளைய புடி" என்றான்.

இதற்குப் பிறகு தேர்வு வைத்தார்கள். தண்ணீர் எந்த வழியாக முதலில் வந்தது, எவ்வளவு உயரம் ஏறியது, சுவரின் எந்தப் பகுதி முதலில் ஊறியது. எல்லாம் சரியாக எழுதினேன். அந்தக் கையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் வேடிக்கை. பயம் வரும் என்று எதிர்பார்த்திருந்தேன், வந்தது, மழைக் காலத்தில் வாளி நிரம்பும் சத்தத்துக்குக்கூடப் பதறினேன். ஆனால் அதைவிடப் பெரிதாக இன்னொன்று வந்து தொண்டையில் நின்றது. யாருக்கோ நன்றி சொல்ல வேண்டும். யாருக்கு என்று தெரியவில்லை. சாம்பார் கிண்டும்போது கண் கலங்கும். சேவியர் தட்டை எடுத்துக் கழுவினால், "ரொம்ப நன்றிங்க" என்பேன். அவர் பயந்துபோய் டாக்டரிடம் போகலாமா என்று கேட்டார். கோயிலுக்குப் போய் மாதாவிடம் சொல்லிப் பார்த்தேன். அது மாதாவுக்குச் சேரவேண்டிய நன்றி இல்லை என்று எனக்கும் தெரிந்தது, மாதாவுக்கும் தெரிந்திருக்கும்.

உரிமம் வந்தது. வேலையும் வர ஆரம்பித்தது. அப்படி வந்த ஒன்றுதான் நாணலேரி நகர்.

பெயரிலேயே ஏரி இருக்கிறது, இதற்கு மேல் என்ன மதிப்பீடு வேண்டும்? தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன, மீதி இடிந்து கிடந்தன. வெள்ளத்துக்குப் பிறகு எல்லாரும் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். தூண்மேல் வீடு கட்டி விற்கிற கம்பெனி ஒன்று தெரு முழுவதையும் வாங்கிக்கொண்டிருந்தது. கடைசியாக மிஞ்சிய வீட்டுக்குத்தான் என்னை அனுப்பியிருந்தார்கள்.

வீட்டுக்காரி யாழினி. நாற்பது வயதைத் தொடுகிறவள், ஒரு பள்ளியில் கணக்கர் வேலை. கணவன் எப்போதோ விட்டுப் போனவன். மகன் வெளியூரில் கல்லூரிக்குப் போகிறான், அவன் படிப்புக்காகத்தான் வீட்டை விற்கிறாள். டீ குடிக்கிறீர்களா என்று கேட்டாள். மதிப்பிடப் போன வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது என்பது எங்கள் விதி, வேண்டாம் என்றேன்.

கூடத்தில் கால் வைத்ததும் என் வலது கை தானாக ஜன்னல் பக்கம் போனது. அந்தக் கம்பி. எந்தக் கம்பி லேசாக வளைந்திருக்கும் என்று கைக்குத் தெரிந்திருந்தது. வளைந்தும் இருந்தது. குளியலறை எங்கே என்று நான் கேட்கவில்லை. நேராகப் போனேன்.

"முன்னாடி வந்திருக்கீங்களா மேடம்?" என்றாள் யாழினி.

"இல்லம்மா. இந்த மாதிரி வீடு நெறைய பாத்திருக்கேன்" என்றேன்.

முகத்தையும் பெயரையும் அழித்துவிட்டால் போதும், யாரும் எதையும் அடையாளம் காண முடியாது என்பது மன்றத்தின் நினைப்பு. அதனால் அடையாளம் தெரிந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அவர்கள் விதியே எழுதவில்லை. எதற்கெடுத்தாலும் விதி எழுதுகிறவர்கள் இதற்கு மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார்கள்.

"மொட்டை மாடியைப் பாக்கணும்" என்றேன்.

"ஏணி செங்குத்தா இருக்கும். பாபு அண்ணன் இருப்பாரு மேல, கை குடுப்பாரு."

பின்பக்க இரும்பு ஏணியில் ஏறினேன். மேலே இருந்து ஒரு கை நீண்டது. அறுபது வயதுக்கு மேல் இருக்கும் அந்த ஆளுக்கு, நரைத்த தாடி, கிரீஸ் படிந்த பனியன். "பாத்து வாம்மா" என்று என் மணிக்கட்டைப் பிடித்தார். கட்டைவிரலும் இரண்டு விரலும்.

மாதாவே! ஏணியிலேயே நின்றுவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. ஒரு வருடமாகத் தொண்டையில் நின்றது அப்படியே வாய்வரை வந்துவிட்டது. ஆனால் என்ன சொல்வது? சொல்லக்கூடாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

"இன்னாம்மா, தல சுத்துதா? சொம்மா மேல வா, ஒண்ணும் ஆவாது" என்று தூக்கிவிட்டார்.

அவர் டில்லிபாபு. போர்வெல் மோட்டார் மெக்கானிக். விரல்கள் இளம் வயதில் ஒரு பெல்ட்டில் சிக்கிப் போனவையாம். மாடியில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஒரே ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு அடுப்பு, சுவர் நிறைய மோட்டார் கயிறுகள். சொந்தம் என்று யாரும் இல்லை. பல வருடமாக அங்கேதான் இருக்கிறார், வாடகை இல்லாமல்.

கீழே வந்ததும் யாழினி தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள்.

"மேடம், ரிப்போர்ட்ல மாடி ரூம் காலின்னு போட்டுட முடியுமா? கம்பெனிக்காரங்க ஆள் இருந்தா வாங்க மாட்டோம்னு சொல்லியிருக்காங்க."

"ஆள் இருக்காரேம்மா. இருக்கிறவரை எப்படி இல்லைன்னு எழுதுவேன்?" என்றேன். "அவர் யாரு உங்களுக்கு?"

"யாருமில்ல. அதான் எனக்கே புரியல." அவள் நிஜமாகவே யோசித்தாள். "வெள்ளத்துக்கு அப்புறம் நான்தான் இருக்கச் சொன்னேன். வாடகையும் வேணாம்னு சொன்னேன். ஏன்னு தெரியல. அப்ப ஏதோ ஒரு மனசு. நல்ல மனுஷன்தான், நான் தப்பு சொல்லல. ஆனா யாரோ ஒருத்தருக்காக என் பையன் படிப்பை நிறுத்த முடியுமா?"

"வெள்ளத்தப்ப நீங்க இங்கதான் இருந்தீங்களா?"

"இருந்தேன். ஆனா அந்த நாளு எனக்குக் கிடையாது மேடம். குடுத்துட்டேன்." சாதாரணமாகச் சொன்னாள். "உங்க மன்றம்தான் வாங்கிக்கிச்சு. குடுக்கிறதுக்கு முன்னாடி எப்படி இருந்தேன்னு மட்டும் தெரியும். ஷவர் தொறக்க மாட்டேன். பிள்ளையை ஸ்கூலுக்கு விட மாட்டேன். மேகம் கறுத்தா அவனைத் தூக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிடுவேன், எங்க போறேன்னு தெரியாம. வேலை போச்சு. குடுத்துட்டு வந்த அன்னிக்குத்தான் முதல் தடவையா முழுசா தூங்கினேன்."

"எப்படித் தப்பிச்சீங்கன்னு..."

"தெரியாது. மாடிக்கு ஏறியிருப்பேன். பையன் அப்ப ரொம்பச் சின்னவன், அவனுக்கும் ஞாபகமில்ல. கேக்கறதுக்குத்தான் தெருவுல யாருமே இல்லையே." சாமி அலமாரியைக் காட்டினாள். அங்கே ஓரமாகத் தனியாக ஒரு அகல் விளக்கு இருந்தது. "என் பயத்தை யாரோ சுமந்துக்கிட்டிருக்காங்க இல்ல? யாருன்னு தெரியாது, உங்களை மாதிரி ஒரு மதிப்பீட்டாளர். வெள்ளிக்கிழமை தவறாம அவங்களுக்கு ஒரு விளக்கு ஏத்தறேன். நல்லா இருக்கணும் அவங்க."

மாடி ரூம் காலி என்று எழுதச் சொன்னபோதே அவள்மேல் எனக்குக் கோபம் வந்திருந்தது. எனக்காக விளக்கு ஏற்றுகிறவளிடம் எப்படிக் கோபப்படுவது? அவள் நன்றிகெட்டவள் இல்லை. அவளுடைய நன்றி என்னிடம் இருந்தது, அவ்வளவுதான். பயத்தைப் பிடுங்கியபோது வேரோடு இதுவும் வந்துவிட்டது. எதற்குப் பணம் தருகிறோம் என்று மன்றத்துக்கும் தெரியவில்லை, எதை விற்கிறோம் என்று இவளுக்கும் தெரியவில்லை.

அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். தண்ணீர் ஏறும் உயரம் எழுதினேன். மாடி அறையில் டில்லிபாபு என்பவர் குடியிருக்கிறார் என்றும் எழுதினேன். அப்படி எழுதினால் அவருக்குப் பாதுகாப்பு என்று ஒரு அசட்டு நம்பிக்கை. நடந்தது நேர் எதிர். ஆளைக் காலி செய்தால்தான் பத்திரப்பதிவு என்று கம்பெனி சொல்லிவிட்டது. யாழினி அவரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறாள். வழிச்செலவுக்குக் கொஞ்சம் பணமும் தர வந்திருக்கிறாள். அவர் பணத்தை வாங்காமல் சரி என்றுவிட்டாராம்.

இதை எனக்குச் சொன்னது கம்பெனி ஆள், வெற்றிச் செய்தி மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராக நாணலேரி நகருக்குப் போனேன். பாபு மாடியில் கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கண்ணே போவீங்க?"

"எங்கனா போவணும். பிரிட்ஜாண்ட நம்ம ஆளுங்க ரெண்டு பேரு கீறாங்க. மழ வர்றதுக்குள்ள ஒரு எடம் பாத்துக்கலாம்."

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கலாமில்ல? இத்தன வருஷம் இருந்திருக்கீங்க!"

"ஐய, நீ வேற. அந்தம்மா எனக்கு இன்னா கடன்பட்டிருக்கா? ஒரு பைசா வாடக வாங்காம வச்சிகினா. தெய்வம்மா அது. அதுக்கு நான்தான் கையெடுத்துக் கும்புடணும்."

எனக்குத் தாங்கவில்லை. உயிரைக் காப்பாற்றியவர், காப்பாற்றப்பட்டவளைத் தெய்வம் என்கிறார். நான் நடுவில் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறேன். 'இந்த வீட்ல உங்களுக்கு எப்பவும் இடம் உண்டு.' இந்த வாய்தான் சொன்ன மாதிரி இருக்கிறது. நனைந்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நான்தான் சொன்னேன். அன்றைக்கு வாக்குக் கொடுத்தது யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும். இன்றைக்கு அது ஞாபகம் இருக்கிறவள் நான் ஒருத்திதான். ஞாபகம் இருக்கிறவர்கள்தானே காப்பாற்ற வேண்டும்?

"அண்ணே, எங்க வீட்டு மாடியில ஒரு ரூம் சும்மா கிடக்கு. வந்துடுங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இன்னாத்துக்கும்மா?"

"எங்க மோட்டார் அடிக்கடி மக்கர் பண்ணுது" என்றேன். வேறு என்ன சொல்ல?

வீட்டில் சேவியரிடம் சொன்னபோது அவர் தோசையைப் பாதியில் வைத்தார்.

"யாரு இந்த ஆளு?"

"வாக்குக் குடுத்துட்டேங்க."

"எப்ப குடுத்த? எதுக்குக் குடுத்த?"

"கேக்காதீங்க. சொன்னா உரிமம் போயிடும்."

அவர் மெல்ல என் முகத்தைப் பார்த்தார். இந்த மனுஷரிடம் எனக்குப் பிடித்ததே இதுதான், பாதி சொன்னாலே போதும். "நீ அந்த வெள்ளப் பாடம் முடிச்சிட்டு வந்ததுலேருந்து யாரையோ தேடிக்கிட்டே இருந்த. தெரியும்" என்றார். "மாடி ரூம்ல உன்னோட பழைய ஃபைலுங்கதானே கிடக்கு? நாளைக்கு நான் லீவு போட்டு ஒட்டடை அடிக்கறேன்." அடகுக் கடையில் இருக்கும் சங்கிலியைப் பற்றி அன்றைக்குப் பிறகு நான் ஒருநாளும் புலம்பியதில்லை. இதற்காகத்தான் அது போயிற்று என்றால், போகட்டும், சந்தோஷமாகப் போகட்டும்.

பாபு அண்ணன் வந்து சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சேவியர் கட்டிலுக்குப் பலகை வாங்கப் போயிருந்தார். நான் மேலே சாப்பாடு கொண்டுபோனேன். அவர் தரையில் உட்கார்ந்து கயிறுகளை மாட்ட ஆணி தேடிக்கொண்டிருந்தார். தட்டை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, சாப்பிடாமல் என்னையே பார்த்தார்.

"நீ ஏதோ தெரிஞ்சிதான் பண்றம்மா. மோட்டாரு நல்லா ஓடுது, நான் வந்தவொடனே பாத்துட்டேன். அதனால ஒண்ண சொல்லிடறேன். நீ நெனைக்கிற மாதிரி நல்ல ஆளா இல்லாம பூட்டன்னா, அப்பால வருத்தப்படக் கூடாது."

"என்னண்ணே?"

"வெள்ளம் வந்த அன்னிக்கு நான் இன்னா பண்ணேன்னு எனக்கே தெரியாது. வித்துட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"தூக்கத்துல கத்துவேன். கெணத்துல எறங்கப் போனா கை நடுங்கும். பொயப்பே பூடும்னு சொல்லிக் குடுத்துட்டேன். யார்கிட்ட கீதோ. நிம்மதியாத்தான் கீது. ஆனா ஒண்ணு மட்டும் உள்ள அரிச்சிகினே கீதும்மா. அப்படிக் கத்தற அளவுக்கு நான் இன்னா பண்ணியிருப்பேன்? எவன் பொருளனா எடுத்துகினனா? யாரையாவது முழுவ வுட்டுட்டு ஓடிட்டனா? அதான், அந்தம்மா போன்னு சொன்னப்பகூட வாய தொறக்கல. கேக்கறதுக்கு எனக்கு இன்னா தகுதி?"

நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன், இவர் செய்ததைச் சொல்லிக் காட்டாத பெரிய மனுஷர் என்று. பெரிய மனுஷர்தான். ஆனால் பாவம், அது அவருக்கே தெரியாது. காப்பாற்றியவருக்கும் தெரியாது, காப்பாற்றப்பட்டவளுக்கும் தெரியாது. அப்படி ஒன்று நடந்ததற்கு உலகத்திலேயே மிச்சமிருக்கும் ஒரே சாட்சி, கட்டணம் கட்டி அதை வாங்கிய நான்.

உரிமம் போனால் போகட்டும் என்று கீழே உட்கார்ந்தேன். இங்கே பெயர்களையெல்லாம் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன், மன்றத்துக்கு வேண்டுமென்றால் கண்டுபிடித்துக்கொள்ளட்டும்.

"சாப்பிட்டுக்கிட்டே கேளுங்க. நீங்க என்ன செஞ்சீங்கன்னு நான் சொல்றேன்."

சொன்னேன். கதவு உடைந்ததைச் சொன்னேன். பிள்ளையைத் தலைக்குமேல் தூக்கிப் போனதைச் சொன்னேன். திரும்பி வர வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் வந்தீர்கள் என்று சொன்னேன். 'கால எடு' என்று திட்டியதைச் சொன்னபோது அவர் வாயைப் பொத்திக்கொண்டு, "அய்யய்ய, பொம்பளையவா திட்டினேன்?" என்று பதறினார். அந்தப் பிள்ளை இப்போது கல்லூரிக்குப் போகிறவன் என்று சொன்னேன். சட்டையைப் பிழிந்து பிழிந்து துவட்டியதைச் சொன்னேன். அவர் தன் மூன்று விரல் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், வேறு யாருடைய கையையோ பார்ப்பது போல. கண்ணிலிருந்து தண்ணீர் தாடியில் இறங்கியது.

பாடத்தில் அதற்குப் பிறகும் கொஞ்சம் உண்டு. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிழவரின் குரல் கேட்டது. பாபு மறுபடி கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார். ரொம்ப நேரம் வரவில்லை. வந்தபோது தனியாக வந்தார். எங்களுக்கு முதுகைக் காட்டித் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, பிள்ளைக்குக் கேட்காமல் இருக்க ஈரச் சட்டையைக் கடித்துக்கொண்டு அழுதார். அதற்குள் அந்த வீட்டிலிருந்து குரல் நின்றுவிட்டிருந்தது.

"அப்பால?" என்றார் பாபு அண்ணன். "அப்பால இன்னா ஆச்சு?"

இத்தனை வருடத்தில் ஒரு அறிக்கையிலும் நான் எதையும் விட்டு எழுதியதில்லை.

"அப்புறம் மழை விட்டுடுச்சுண்ணே" என்றேன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவர் நெஞ்சிலிருந்து ஒரு பெரிய மூச்சு வந்தது. தட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். "பரவால்லியே நானு!" என்று சிரித்தார். சிரிப்பும் அழுகையுமாக ஒரு வாய் சோறு எடுத்து வைத்தார்.

நான் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டேன். "ரொம்ப நன்றிண்ணே" என்று வாய்விட்டுச் சொன்னேன். எனக்காகவும் சொன்னேன், யாழினிக்காகவும் சொன்னேன். அவர் சோற்றுக் கையோடு பதறி எழுந்தார்.